பைன் மரத்தை அதிகம் வாங்குவது யார்? இந்தியா, சீனா இறக்குமதிக் கணக்கை ஆண்டுவாரியாக ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

மணலி, விச்சூர், மாதவரம் பக்கம் பேலட்டும் பேக்கிங் பெட்டியும் அடிக்கிற பட்டறைகளில் பைன் விலை ஏறினால் உடனே வரும் விளக்கம் ஒன்றுதான்: "சைனாக்காரன் மொத்தத்தையும் அள்ளிட்டான்." சில ஆண்டுகளில் அது சரி. ஆனால் 2021-இல் சீனா முந்தைய ஆண்டைவிடக் குறைவாகத்தான் அறுத்த மரம் வாங்கியது. விலையோ உச்சத்தில் இருந்தது. ஆகவே வாய்க்கணக்கை நம்புவதைவிட இரண்டு நாடுகளின் இறக்குமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அந்த வேலையை எப்படிச் செய்வது, எங்கே தப்பு நடக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மரவாடி நடத்துகிறவர், பட்டறைக்காரர், வணிகவியல் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் என யாரும் செய்யலாம். ஒரு மடிக்கணினி, எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ், நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரம் கிடைக்கும் ஐ.நா. காம்ட்ரேட் தளத்தில் ஓர் இலவசக் கணக்கு, இரண்டு மாலை நேரம் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தியா பெரும்பாலும் உருட்டுக் கட்டையாக வாங்கி இங்கே அறுக்கிற நாடு. சீனா கட்டையும் வாங்கும், அறுத்த மரமும் வாங்கும். அறுத்த மரத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இந்தியா ஒன்றுமே வாங்காததுபோலத் தெரியும். இணையத்தில் சுற்றும் பல வரைபடங்களின் கோளாறு இதுதான். நான்காம் படியில் இதைச் சரிசெய்யப் போகிறோம். மற்ற படிகள் அதற்கான தயாரிப்பு.

முதல் படி: எது பைன் கணக்கில் வரும்?

சுங்கத்துறை "சாஃப்ட்வுட்" என்று சொல்லும்போது மரம் மெதுவாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கூம்பு காய்க்கும் ஊசியிலை மரமா என்றுதான் பார்க்கிறது. பைன், ஸ்ப்ரூஸ், ஃபர், டக்ளஸ் ஃபர், ஹெம்லாக், லார்ச், தேவதாரு எல்லாம் இதில் சேரும். ஒரு காலத்தில் கட்டுமரத்துக்குப் பயன்பட்ட அல்பீசியா பஞ்சுபோல லேசாக இருந்தாலும் கணக்கில் அது ஹார்ட்வுட். ரப்பர் மரமும் சில்வர் ஓக்கும் அப்படியே. எல்லாரும் ஏமாறுகிற இடம் சவுக்கு. பார்த்தால் ஊசியிலை, காயும் கூம்பு மாதிரி. ஆனால் அது பூக்கும் தாவர வகை. ஊசியிலைக் கணக்கில் அதற்கு இடமில்லை.

எச்.எஸ். குறியீட்டில் (சுங்கத்துறைகள் ஒவ்வொரு சரக்கு வகைக்கும் தரும் உலகப் பொது எண்) இரண்டு தலைப்புகள் முக்கியம். 4403 என்பது உருட்டுக் கட்டை. 4407 என்பது நீளவாக்கில் அறுத்த, 6 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள மரம். 4409 (இழைத்து, வரிப்பள்ளம் போட்ட பலகை), 4415 (செய்து முடித்த பேலட், பெட்டி) இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒரே மரத்தை வெவ்வேறு நிலையில் எண்ணும் குழப்பம் வரும்.

இந்த இரண்டு தலைப்புக்குள்ளும் குறியீடுகள் காலப்போக்கில் மாறியிருக்கின்றன. 2016 வரை அறுத்த ஊசியிலை மரம் முழுக்க 440710 என்ற ஒரே எண்ணில் இருந்தது. 2017 திருத்தத்தில் அது மூன்றாகப் பிரிந்தது: 440711 பைன், 440712 ஃபர் மற்றும் ஸ்ப்ரூஸ், 440719 மற்றவை. 2022 திருத்தத்தில் 440713, 440714 என்று இன்னும் இரண்டு வந்தன. முன்னது வட அமெரிக்காவின் ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் கலவை, பின்னது ஹெம்லாக்-ஃபர் கலவை. கட்டைக்கும் இதே கதைதான். 2016 வரை 440320; அதன் பிறகு 440321 முதல் 440326 வரை ஆறு எண்கள், பைனா, ஃபர்-ஸ்ப்ரூஸா, மற்றதா என்றும், குறுக்களவு 15 செ.மீ.க்கு மேலா கீழா என்றும் பிரித்து. மருந்தேற்றிய ஊசியிலைக் கட்டைக்கு 440311 தனி; அளவு சிறியது, விட்டுவிட்டாலும் படம் மாறாது.

இதைக் கவனிக்காமல் 440710-ஐ மட்டும் போட்டு இருபது ஆண்டுத் தரவு இறக்கினால் 2017 முதல் பூஜ்யமாக வரும். "2016-உடன் இறக்குமதி நின்றுபோனது" என்று ப்ராஜெக்டில் எழுதி வைவாவில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 440711-ஐ மட்டும் பழைய 440710-உடன் ஒட்டினாலும் தப்பு, ஸ்ப்ரூஸ் விட்டுப்போகும். ஜெர்மனியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருவதில் கணிசமான பகுதி ஸ்ப்ரூஸ்தான். புதிய எண்கள் அத்தனையையும் கூட்டித்தான் பழைய எண்ணோடு ஒட்ட வேண்டும்.

இந்தியாவில் 2017 திருத்தம் 1.1.2017 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. ஆக 2016-17 என்ற ஒரே ஆண்டுக்குள் முதல் ஒன்பது மாதம் பழைய எண், கடைசி மூன்று மாதம் புதிய எண். அந்த ஆண்டுக்கு மட்டும் இரண்டு வரிசையையும் கூட்டுங்கள். மறந்தால் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும்.

இரண்டாம் படி: தரவை எங்கிருந்து எடுப்பது

முதன்மையாக ஐ.நா. காம்ட்ரேட். இரண்டு நாடுகளும் ஒரே வடிவத்தில் கிடைக்கும், ஆறு இலக்கக் குறியீடு வரை. தேடும்போது தேர்வுகளை இப்படி வையுங்கள்: அறிக்கை தரும் நாடு இந்தியா, சீனா; திசை இறக்குமதி; காலம் ஆண்டு; கூட்டாளி (அதாவது விற்கும் நாடு) "உலகம்" ஒரு முறை, பிறகு "எல்லா நாடுகளும்" ஒரு முறை, இரண்டும் தனித்தனிக் கோப்பாக. போக்குவரத்து முறை, சுங்க நடைமுறை, இரண்டாம் கூட்டாளி ஆகிய மூன்றிலும் "மொத்தம்" என்பதை மட்டும் எடுங்கள்.

எண்ணைப் போட்டுத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐ.எஸ்.ஓ. பட்டியலில் இந்தியா 356, காம்ட்ரேட்டில் 699. அமெரிக்காவும் அப்படியே, அங்கே 840, இங்கே 842. சீனாவுக்கு மட்டும் இரண்டிலும் 156.

"உலகம்" வரிசையும் நாடுவாரி வரிசைகளும் ஒரே தாளில் கிடந்து, கீழே ஒரு கூட்டல் போட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். இது புதியவர்கள் மட்டும் செய்கிற தவறில்லை. இரண்டு கோப்பாக இறக்கச் சொன்னது அதற்காகத்தான். நாடுகளின் கூட்டுத்தொகை "உலகம்" எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவும் அது உதவும். சீனாவின் கூட்டாளிப் பட்டியலில் "சீனா" என்றே ஒரு வரி வந்தால் பயப்பட வேண்டாம். ஏற்றுமதி செய்த சரக்கு திரும்பி வந்த கணக்கு அது.

1990-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட். மரக் கணக்கு 1961 முதல் இருக்கிறது. அளவு நேராகக் கன மீட்டரில் வரும். இங்கே கண்ணி "சீனா" என்ற பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் "சீனா" என்பது பெருநிலம், தைவான், ஹாங்காங், மக்காவ் நான்கும் சேர்ந்த தொகை. "சீனா, பெருநிலம்" தனி வரி. காம்ட்ரேட்டின் சீனாவோடு ஒப்பிட வேண்டியது பெருநில வரியை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துக் குறி இருக்கும்: ஏ என்றால் அரசு தந்தது, ஈ என்றால் மதிப்பீடு, ஐ என்றால் கணித்து நிரப்பியது. மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே எண் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் குறியைப் பாருங்கள். பழைய எண்ணையே நகர்த்தி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, நம் வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கி. எட்டு இலக்கம் வரை இறங்கும், நிதியாண்டுக் கணக்கு. கொல்கத்தாவிலிருக்கும் வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகம் தொகுக்கும் தரவுதான் இதற்கு அடிப்படை. காம்ட்ரேட்டில் ஏதாவது ஓர் ஆண்டு சந்தேகமாகத் தெரிந்தால் இங்கே வந்து பாருங்கள்.

இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நாடுகள் பழைய ஆண்டுக் கணக்கைத் திருத்தி மறுபடி அனுப்புவது வழக்கம். ஆறு மாதம் கழித்து எண் மாறியிருந்தால் உங்கள் தவறா அவர்கள் திருத்தமா என்று தேதி சொல்லும்.

மூன்றாம் படி: அலகு

நேரம் அதிகம் தின்பது இது. அவசரப்பட வேண்டாம்.

காம்ட்ரேட்டில் அளவுக்கு ஒரு அலகு எண் இருக்கும். 12 என்றால் கன மீட்டர், 8 என்றால் கிலோ. ஒரே நாடு, ஒரே குறியீடு, ஆனால் ஓர் ஆண்டு கன மீட்டரிலும் அடுத்த ஆண்டு கிலோவிலும் வரக்கூடும். அளவு உண்மையில் பதிவானதா, தளம் கணித்து நிரப்பியதா என்பதற்கும் தனிப் பத்தி உண்டு. அந்தப் பத்தியை நீக்காதீர்கள்.

கிலோவை மாற்ற வேண்டி வந்தால்: சூளையில் உலர்த்திய ரேடியாட்டா பைன் கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ, ஸ்ப்ரூஸ் 450 கிலோ. கப்பலில் வரும் ஈரக் கட்டை 900 முதல் 1,000 கிலோ வரை நிற்கும், பாதி எடை தண்ணீர். கட்டையின் கிலோவை 500-ஆல் வகுத்தால் இல்லாத மரம் இரண்டு மடங்கு முளைத்துவிடும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் மதிப்பை அளவால் வகுங்கள். கிடைப்பது கன மீட்டருக்கு எத்தனை டாலர் என்பது. அண்மைக்கால ஆண்டுகளில் ஊசியிலைக் கட்டை என்றால் 90 முதல் 180 வரை, அறுத்த மரம் என்றால் 150 முதல் 350 வரை இருந்தால் இயல்பு. 15 என்றோ 4,000 என்றோ வந்தால் அந்த வரியில் அலகு தப்பு. அதைச் சிவப்பில் குறித்துவிட்டு, அமைச்சகத் தரவில் அதே ஆண்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் சராசரி விலையைக் கொண்டு அளவைக் கணித்து எழுதி, "கணிப்பு" என்று பக்கத்தில் குறியுங்கள். வரியை அழிக்க வேண்டாம்.

வியாபாரத்தில் புழங்கும் அளவுகளை இந்தக் கணக்கோடு பொருத்தும்போது இன்னும் மூன்று இடத்தில் கால் இடறும்.

ஒன்று, கன அடி. அறுத்த மரத்துக்கு ஒரு கன மீட்டர் 35.315 கன அடி. உருட்டுக் கட்டையை நம் சா மில்களில் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு எடுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கும் ஹாப்பஸ் முறையில் அளந்தால் உண்மைக் கனத்தில் 78.5 சதவீதம்தான் வரும். அந்தக் கணக்கில் ஒரு கன மீட்டர் 27.74 கன அடி. இரண்டையும் "சி.எஃப்.டி." என்றே சொல்வதால் மில் நோட்டும் சுங்கக் கணக்கும் ஒருபோதும் ஒட்டாது.

இரண்டு, ஜப்பானிய ஜாஸ் அளவு. நியூசிலாந்துக் கட்டை இந்தக் கன மீட்டரில்தான் விலை பேசப்படுகிறது. 6 மீட்டருக்குக் குறைவான கட்டைக்குச் சூத்திரம்: சிறிய முனை விட்டத்தை (செ.மீ.) வர்க்கமாக்கி, மீட்டரில் நீளத்தால் பெருக்கி, 10,000-ஆல் வகுக்க வேண்டும். விட்டம் 14 செ.மீ.யும் அதற்கு மேலும் என்றால் கீழே உள்ள இரட்டை எண்ணுக்கு இறக்குவார்கள். சிறிய முனை 31 செ.மீ., நீளம் 3.9 மீட்டர் என்றால் 30 × 30 × 3.9 ÷ 10,000 = 0.351 கன மீட்டர். கட்டை அடியில் பருத்திருப்பதை ஈடுகட்டத்தான் வட்டத்தைச் சதுரமாக எண்ணுகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் உண்மைக் கனத்தோடு சற்று முன்பின் இருக்கும். தேசிய ஒப்பீட்டுக்கு இதைத் திருத்தத் தேவையில்லை. இரண்டு எண்கள் ஏன் ஒட்டவில்லை என்று தெரிந்தால் போதும்.

மூன்று, வட அமெரிக்க போர்டு அடி (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிமன்). ஆயிரம் போர்டு அடி 2.36 கன மீட்டர் என்று எல்லாப் பட்டியலிலும் போட்டிருக்கும். கணக்கில் அது சரி, மரத்தில் சரியில்லை. அங்கே "இரண்டுக்கு நான்கு" என்று விற்கும் சட்டத்தின் உண்மை அளவு 38 × 89 மி.மீ. பெயரளவோ 50.8 × 101.6. உண்மையில் இருப்பது பெயரளவில் 65.5 சதவீதம். அதாவது ஆயிரம் போர்டு அடிக்கு 1.55 கன மீட்டர் மரம்தான். "இரண்டுக்கு ஆறு" என்றால் 1.62. 2021 மே மாதம் சிகாகோ முன்பேரச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி 1,600 டாலரைத் தாண்டியபோது அதை 2.36-ஆல் வகுத்து நம்மூர் விலையோடு ஒப்பிட்டவர்கள் விலையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார்கள்.

நான்காம் படி: கட்டையையும் அறுத்த மரத்தையும் ஒரே தராசில் வைப்பது

இந்திய இறக்குமதி ஏன் கட்டைப் பக்கம் சாய்ந்திருக்கிறது? உருட்டுக் கட்டைக்கு அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம், அறுத்த மரத்துக்கு 10 சதவீதம் என்ற வித்தியாசம் பல ஆண்டுகளாக இருந்துவருவது ஒரு காரணம். காண்ட்லாவை ஒட்டிய காந்திதாமில் அறுவை மில்கள் குவிந்திருப்பதும், நம் அளவுக்கு நாமே அறுத்துக்கொள்ளும் பழக்கமும் மற்றவை. சீனா 2017 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் 2 கோடி கன மீட்டருக்கு மேல் அறுத்த ஊசியிலை மரமே வாங்கியது. கட்டை அதற்கு மேல் தனி.

இரண்டையும் சேர்க்க "கட்டை ஈடு" என்ற கணக்கு உதவும். ஒரு கன மீட்டர் அறுத்த மரம் கிடைக்கச் சுமார் 1.8 கன மீட்டர் கட்டை வேண்டும். மீதி தூளாகவும் வெட்டுப்பலகையாகவும் போகும். எனவே:

கட்டை ஈடு = கட்டை + (அறுத்த மரம் × 1.8)

புரிவதற்காக ஒரு கற்பனை எண். முதல் நாடு 10 லட்சம் கன மீட்டர் கட்டையும் 3 லட்சம் அறுத்த மரமும் வாங்குகிறது. கட்டை ஈடு 15.4 லட்சம். இரண்டாவது நாடு 10 லட்சம் கட்டை, 20 லட்சம் அறுத்த மரம். கட்டை ஈடு 46 லட்சம். அறுத்த மரத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 6.7 மடங்கு. கட்டை ஈட்டில் மூன்று மடங்குதான்.

1.8 என்பது கல்வெட்டு இல்லை. மில்லுக்கு மில், கட்டையின் பருமனுக்குப் பருமன் மாறும். அதனால் 1.6, 2.0 இரண்டையும் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மேலே உள்ள எண்ணில் 1.6 போட்டால் 2.8 மடங்கு, 2.0 போட்டால் 3.1 மடங்கு. முடிவு குலையவில்லை என்றால் தைரியமாக எழுதலாம். குலைந்தால் அந்த ஆண்டைப் பற்றி அடக்கமாகப் பேசுங்கள்.

தாளை இப்படி அமையுங்கள்: ஆண்டு, வாங்கும் நாடு, விற்கும் நாடு, குறியீடு, வகை (கட்டை அல்லது அறுத்தது), மதிப்பு டாலரில், அளவு, அலகு, கன மீட்டருக்கு மாற்றிய அளவு, விலை, குறி, மூலம். ஒரு பதிவுக்கு ஒரே வரி. வண்ணம், இணைத்த கட்டம், நடுவில் கூட்டுத்தொகை எதுவும் வேண்டாம். சுருக்கமெல்லாம் பிவட் அட்டவணையில்.

ஐந்தாம் படி: ஆண்டை ஒன்றாக்குவது

சீனாவுக்கு ஜனவரி முதல் டிசம்பர். அமைச்சகத் தரவு எடுத்தால் இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். மாதத் தரவு கிடைத்தால் பன்னிரண்டையும் கூட்டி நாட்காட்டி ஆண்டாக்குங்கள், அதுதான் சுத்தம். இல்லையென்றால் தோராயமாக: 2019 = 2018-19-இல் கால் பங்கு + 2019-20-இல் முக்கால் பங்கு. முன்னது 8 லட்சம், பின்னது 10 லட்சம் என்றால் 2 + 7.5 = 9.5 லட்சம். சீரான ஆண்டுகளுக்கு இது ஓடும். 2020-க்கு ஓடாது, ஏப்ரல், மே மாத ஊரடங்கைக் கால்பங்கு, முக்கால்பங்கு பிடிக்காது.

ஆறாம் படி: எதிர்க்கணக்கு பார்ப்பது

நியூசிலாந்து "இந்தியாவுக்கு இவ்வளவு ஏற்றினோம்" என்று சொல்லும் எண்ணையும், இந்தியா "இவ்வளவு வந்தது" என்று சொல்வதையும் ஒட்டிப் பாருங்கள். ஒருபோதும் சரியாக ஒட்டாது. ஏற்றுமதி மதிப்பு கப்பலில் ஏற்றும் வரைக்கும் ஆனது. இந்தியாவும் சீனாவும் இறக்குமதியில் கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து எழுதுகின்றன. விலை குறைந்து இடம் அடைக்கும் சரக்குக்குக் கூலியே மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும். ஆகவே மதிப்பை ஒப்பிடாமல் அளவை ஒப்பிடுங்கள். டிசம்பரில் ஏற்றியது ஜனவரியில் இறங்கினால் அளவிலும் ஆண்டு மாறும். மூன்று ஆண்டுச் சராசரி எடுத்தால் இது பெரும்பாலும் சமனாகும். அதற்கும் பிறகு 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி நின்றால் குறியீடு அல்லது அலகுச் சிக்கல் என்று எடுத்துக்கொண்டு முதல் படிக்குத் திரும்புங்கள்.

ஏழாம் படி: வரைவதும் படிப்பதும்

இடப்பக்கம் ஒரு அளவுகோல், வலப்பக்கம் வேறொரு அளவுகோல் வைத்து இரண்டு நாட்டையும் ஒரே படத்தில் வரையாதீர்கள். அளவுகோலை இழுத்தால் எந்தக் கதையையும் சொல்லவைக்கலாம். இரண்டு படம் வரையுங்கள். ஒன்றில் கட்டை ஈடு, மடக்கை அளவுகோலில் (லாக் ஸ்கேல்), இன்னொன்றில் குறியீட்டெண் (இன்டெக்ஸ்; அடிப்படை ஆண்டை 100 என்று வைத்து மற்ற ஆண்டுகளை அதோடு ஒப்பிடும் எண்). குறியீட்டெண்ணுக்கு அடிப்படையாக ஒற்றை ஆண்டை எடுக்காமல் மூன்று ஆண்டுச் சராசரியை 100 ஆக வையுங்கள். சரிந்து கிடந்த ஓர் ஆண்டை அடிப்படையாக்கினால் அதன் பிறகு எல்லாமே வளர்ச்சியாகத் தெரியும். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இன்று பெரிதாக எதுவும் சொல்லாது, இரண்டு நாட்டிலும் மக்கள்தொகை 140 கோடிக்குப் பக்கம். 2000-த்தில் இருந்து போட்டால் மட்டும் அர்த்தம் உண்டு. அப்போது சீனா நம்மைவிட 20 கோடி அதிகம்.

வரைபடத்தில் கோடு திரும்பும் இடங்களுக்குக் காரணம் தேடும்போது இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள்.

1998 யாங்சி வெள்ளத்துக்குப் பின் சீனா தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இறக்குமதி ஏற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. ரஷ்யா கட்டை ஏற்றுமதி வரியை 2007 ஜூலையில் 20 சதவீதமாகவும் 2008 ஏப்ரலில் 25 சதவீதமாகவும் உயர்த்தியது. அதன் பிறகு ரஷ்யாவிலிருந்து சீனாவுக்குக் கட்டை குறைந்து அறுத்த மரம் கூடியது. கட்டைக்கு நியூசிலாந்து முன்னுக்கு வந்தது. கட்டையையும் அறுத்ததையும் தனித்தனியாகப் பார்ப்பவருக்கு ஒன்று சரிவு, ஒன்று ஏற்றம். கட்டை ஈட்டில் பார்த்தால் ரஷ்ய மரம் வடிவம்தான் மாறியது என்று புரியும். அமெரிக்க வீட்டுச்சந்தை 2008-இல் சரிந்ததும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மில்கள் சீனாவுக்குத் திரும்பின. 2010 முதல் சில ஆண்டுகள் அந்தக் கோடு எகிறும்.

2018 செப்டம்பரில் சீனா அமெரிக்க மரத்துக்குப் பதில் வரி போட்டது. 2020 கடைசியில் ஆஸ்திரேலியக் கட்டையைப் பூச்சி காரணம் சொல்லி நிறுத்தியது, 2023 மே மாதம் மறுபடி திறந்தது. சீனாவின் வீட்டுக் கட்டுமானம் 2021-இல் எவர்கிராண்டே என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தின் கடன் நெருக்கடியோடு சரியத் தொடங்கியது. 1.1.2022 முதல் ரஷ்யா பதப்படுத்தாத ஊசியிலைக் கட்டை ஏற்றுமதியையே தடைசெய்தது. 2025 மார்ச்சில் சீனா அமெரிக்கக் கட்டை இறக்குமதியை நிறுத்திவைத்தது.

இந்தியக் கோட்டைத் திருப்பியது பெரும்பாலும் வேறு விஷயம்: கட்டையிலுள்ள பூச்சியைக் கொல்ல வாயு போடும் புகையூட்டல். நம் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை (2003) கட்டைக்கு மெத்தில் புரோமைடு வாயு கேட்கிறது. 21 டிகிரி அல்லது அதற்கு மேல், கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். நியூசிலாந்து தன் மண்ணில் அந்த வாயுவைக் காற்றில் விடுவதற்குக் கட்டுப்பாட்டை 2021-இல் இறுக்கியது. சீனா, கப்பல் அறைக்குள் போடும் பாஸ்பீன் என்ற வேறு வாயுவை ஏற்றுக்கொண்டதால் அங்கே போகும் சரக்கு தடைபடவில்லை. இந்தியாவுக்கு வருவது தடுமாறியது. அந்த இடத்தை உருகுவே போன்ற நாடுகளின் பைன் பிடித்தது. ஆக நாடுவாரிக் கோப்பைத் திறக்காமல் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. அதனால் மேலே இருக்கும் ஐந்து விற்பனை நாடுகளின் பங்கையாவது ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. சீனா வாங்கும் மரம் அத்தனையும் சீனாவில் தங்குவதில்லை. கணிசமான பகுதி மேசை நாற்காலியாகவும் பிளைவுட்டாகவும் வெளியே போகிறது. "சீனா இவ்வளவு பயன்படுத்துகிறது" என்று எழுதாதீர்கள். "இவ்வளவு வாங்குகிறது" என்று எழுதுங்கள்.

எட்டாம் படி: வட சென்னைக்குப் பொருத்துவது

தேசிய மொத்தம் இங்கத்திய விலையைச் சொல்லாது. இந்தியாவுக்கு வரும் பைன் கட்டையில் பெரும்பங்கு குஜராத்தில் இறங்குகிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி வழியாக வரும் ஊசியிலை மரத்தில் கன்டெய்னரில் அடுக்கிய அறுத்த மரத்தை மொத்தக் கப்பல் கட்டையோடு கலக்கக் கூடாது. பட்டறைக்காரருக்கு வேண்டியது 4407 வரிசையின் விலைப் பத்தி. அதில் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், பைன் விலையைத் தனியே பிரித்து, சீனா அதே நாட்டிடமிருந்து வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். கன மீட்டருக்கு 20 டாலருக்குள் வித்தியாசம் இருந்தால் கப்பல் கூலி. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தரம். பேலட்டுக்கு வருவதும் ஜன்னல் சட்டத்துக்கு வருவதும் ஒரே குறியீட்டில்தான் பதிவாகின்றன.

துறைமுகவாரித் தரவு இலவசத் தளங்களில் இருக்காது. கொல்கத்தா இயக்குநரகத்திடம் பணம் கட்டி வாங்க வேண்டும். அதற்குச் செலவழிக்கும் முன், சொந்தமாக இறக்குமதி செய்பவர் தன் கடந்த இரண்டு ஆண்டு பில் ஆஃப் என்ட்ரிகளை (சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிப் படிவங்கள்) எடுத்துப் பார்க்கலாம். எட்டு இலக்கக் குறியீடு, கன மீட்டர் அளவு, மதிப்பு மூன்றும் அதில் இருக்கும். உங்கள் விலையை அதே மாதத் தேசியச் சராசரியோடு ஒட்டிப் பாருங்கள். கூடவே, கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஸ்ப்ரூஸை 440711-இல் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். பைன் என்று வாயால் சொன்னதை அப்படியே பைனாகப் பதிவது நடக்கிற விஷயம். 440711-ஐயும் 440712-ஐயும் எப்போதும் கூட்டியே பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.